டிரங்க் போர்டு அக்கா

அவள் குரலைத் தெரியாத கடைக்காரர் அப்போது தென்காசியில் இல்லை. முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. சந்தையில் நின்று, "கத்தரிக்கா அரைக் கிலோ போடுங்க" என்று அவள் வாயைத் திறந்ததும் பக்கத்தில் நிற்கும் மண்டிக்கார அண்ணாச்சி சட்டென்று திரும்பிப் பார்ப்பார்.

"டிரங்க் அக்காவா?"

"ஆமா அண்ணாச்சி. உங்க விருதுநகர் இன்னும் கிடைக்கல. வச்சிருக்கேன்."

அன்று அவளுக்குக் காலை ஷிப்ட் முடிந்திருக்கும். காலையில் யார் எந்த ஊருக்குப் பதிவு செய்தார்கள், யாருக்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை என்பதைக் கிளம்பும்போது ஒரு முறை பார்த்துவிட்டு வந்திருப்பாள். பார்த்தது போதும். சீட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கிடக்கும், அழைப்பு அவள் தலைக்குள் கிடக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. எல்லோருக்கும் அவள் அக்கா; சூப்பர்வைசர்கூட கோபத்தில் மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

வெளியூருக்கு டிரங்க் காலில் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களைக் கூப்பிட்டு ஊரும் நம்பரும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு சின்னச் சீட்டில் எழுதிக்கொள்வோம். திருநெல்வேலிக்குப் போகும் லைன்கள் சிலதான். ஒன்று காலியானால் ஒரு சீட்டை எடுத்து இணைப்போம். ஆர்டினரி என்றால் வரிசையில் வரும். அர்ஜென்ட் என்றால் இரட்டைக் கட்டணம், வரிசைக்கு முன்னால் போகும். லைட்னிங் என்று ஒன்றும் உண்டு. அதற்கு ஆகிற செலவில் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பார் சூப்பர்வைசர்.

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பாடு சொல்லி முடியாது. குற்றாலத்து லாட்ஜ்கள் நிறைந்துவிடும். அருவியில் குளித்துத் தலையைத் துவட்டியதும் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். கேஸை மூடினோமா, நாய்க்கு யார் சோறு வைப்பார்கள், சின்னவன் மதினி வீட்டில் அழுகிறானா. எல்லாவற்றுக்கும் டிரங்க் கால். அதே சமயத்தில்தான் மலைக்காற்று ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது மரத்தைச் சாய்த்துக் கம்பியை அறுத்துவிடும். உள்ளே வருவது ஆறு போல, வெளியே போவது சொட்டுச் சொட்டாக. சீட்டு ஏறிக்கொண்டே போகும்.

அந்த மாதிரி நாளில் மற்ற ஆபரேட்டர்கள் செய்வது ஒன்றுதான். அடியில் கிடக்கும் ஆர்டினரி சீட்டுகளை உருவித் தனியே வைத்துவிடுவார்கள். கேட்டால், "ரிங் போகுது, எடுக்கல" என்பார்கள். பாதிப் பேர் மறுபடி கேட்க மாட்டார்கள்.

அக்கா ஒரு சீட்டைக்கூட உருவ மாட்டாள்.

மதுரைக்காரர் ஒருவர், லாட்ஜிலிருந்து தன் வீட்டுக்கு ஒரு ஆர்டினரி பதிவு செய்திருந்தார். கம்பி அறுந்த நேரம். அன்று கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. அக்கா தேதியைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் லைன் கிடைத்ததும் லாட்ஜைக் கூப்பிட்டால், அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். மதுரை முனையில் யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். பதிவு செய்தவரின் குரலேதான். அக்காவுக்கு ஒருமுறை கேட்ட குரல் மறக்காது.

"சார், நீங்க குற்றாலத்துல இருந்து உங்க வீட்டுக்கு ஒரு கால் கேட்டிருந்தீங்க. கிடைச்சிருச்சு."

"நான் வீட்டுக்கே வந்துட்டேனேம்மா."

"அப்ப சேதி வீட்டுல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சும்மா."

"சரி சார். அப்ப எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தச் சீட்டைக் கிழித்தாள். நாங்கள் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அவள் சிரிக்கவில்லை. ஒன்று குறைந்தது என்று முகத்தில் ஒரு நிம்மதி மட்டும் தெரிந்தது.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் தட்டில் சீட்டுகள் குவிந்து சரிவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. போர்டுன்னா அதுக்கு ஒரு கொள்ளளவு இருக்கு. அதுக்கு மேல வந்தா மூணு வழிதான். ஒண்ணு, தேவையில்லாதத தூக்கிப் போடணும். இல்லன்னா, இனிமே எடுக்க முடியாதுன்னு வாசல்லயே சொல்லிரணும். அதுவும் இல்லன்னா, வேற எங்கயாவது ஒதுக்கி வச்சுட்டு லைன் வந்த பிறகு எடுத்து விடணும். மூணும் செய்யாம வாங்கிக்கிட்டே இருந்தா ஒருநாள் போர்டே நின்னுரும்."

"மூணாவதுதான் சார் செய்யுதேன்."

"எங்க ஒதுக்கி வைக்க?"

அவள் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

எங்கே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடப்போம். வழியெல்லாம் உதடு அசையும். "கோயம்புத்தூர், ஜவுளிக்கடை. மெட்ராஸ், கண்ணாசுபத்திரி. சிவகாசி." நான் ஏதாவது கேட்டால், "இரு, விட்டுப் போயிரும்" என்று கையைக் காட்டுவாள். டீக்கடையில் வாங்கிய டீ ஆடை கட்டிப் போயிருக்கும்.

அவள் வீட்டுக்கு முதல் தடவை போனபோதுதான் இது எக்ஸ்சேஞ்சில் பிடித்த வியாதி இல்லை என்று புரிந்தது.

வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு நீள வீடு. முன்னறையில் அப்பா. வீரகேரளம்புதூரில் ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னறையில் தம்பி. சீசனில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பான். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வீட்டில்தான். அப்பா தன் ஆபீஸிலேயே அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். சேர்ந்த கையோடு விட்டுவிட்டு வந்துவிட்டான். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எல்லோரும் பார்க்க, அப்பா அவன் கன்னத்தில் அறைந்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மா இருந்தவரை அம்மா வழியாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா போன பிறகு அக்கா வழியாக.

நான் போன அன்று மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நடு அறையில், அவள் இருவருக்கும் நடுவில்.

"அவன் லைட்ட அணைக்காம தூங்கிட்டான்னு சொல்லு" என்றார் அப்பா.

அவன் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பி, "லைட்ட அணைச்சுட்டுத் தூங்கணுமாம்" என்றாள்.

"படம் கழுவிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "படம் கழுவிக்கிட்டு இருந்தானாம்."

அவள் சாதாரணமாக மோர் ஊற்றினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எல்லாத்தையும் அப்படியே சொல்லிருவியாக்கா?"

"கடுசா சொல்லுதத சொல்ல மாட்டேன். சொன்னா வீடு ரெண்டாயிரும்."

"அப்ப விட்டுருவ."

"எப்படிட்டி விட? என்ன நம்பித்தான சொல்லுதாங்க. விட்டா நான் ஏமாத்தினதா ஆயிரும். வச்சிருக்கேன். நேரம் வரும்போது சொல்லிருவேன்."

"எத்தன வருசமா?"

"அம்மா போனதுல இருந்து."

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம், மாப்பிள்ளைக்கும் அரசாங்க வேலை. அவள் வேண்டாம் என்று சொன்னாள். காரணம் கேட்டபோது, "நான் போயிட்டா இவங்க ரெண்டு பேரும் எப்படி சாப்பிடுவாங்க?" என்றாள். சமையலைச் சொல்லவில்லை. தம்பி நன்றாகச் சமைப்பான்.

அடுத்த சாரலில் அந்தப் பம்பாய் விஷயம் நடந்தது.

காலையிலிருந்தே மழை. வழக்கம் போல கம்பி அறுந்து, ஒரே ஒரு லைன் மட்டும் உயிரோடு இருந்தது. மளிகைக்கடை ஒன்றிலிருந்து பம்பாய்க்கு ஒரு ஆர்டினரி கேட்டார்கள். என்ன விஷயம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதில்லை. அக்கா அதை வரிசையில் வைத்தாள். அதற்கு முன்னால் லாட்ஜ் அழைப்புகள் நிறைய இருந்தன. அவளுக்கு எல்லா அழைப்பும் ஒன்றுதான். முன்னால் வந்தது முன்னால் போகும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு அம்மா தன் வீட்டு வேலைக்காரியோடு நேரம் தீரும்வரை பேசினார். பம்பாய் லைன் கிடைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்த முனையில் எடுத்தவர், "அவரு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போயிட்டாரே" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு பெண் கவுன்டருக்கு வந்தாள். கறுப்புத் துப்பட்டி நனைந்திருந்தது. கூட யாரும் இல்லை.

"நேத்து பம்பாய்க்கு லைன் போட்டது யாரு?"

அக்கா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். "நான்தான்."

"எங்க மாமி மௌத்தாயிட்டாக. எங்க வீட்டுக்காரவுகதான் ஒரே மகன். துபாய்க்குப் போக பம்பாய்ல நின்னாக. சாவுச் சேதி தெரிஞ்சிருந்தா திரும்பி வந்திருப்பாக. இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வர முடியும்."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள குத்தம் சொல்ல வரல" என்றாள் அந்தப் பெண். "கடைக்காரங்க ஆர்டினரின்னு சொல்லிட்டாங்களாம். நாங்களும் விசயத்த சொல்லல. எத்தன மணிக்குக் கிடைச்சதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அவுக கேப்பாக. நாங்க சொல்ல முயற்சி பண்ணுனோம்னு அவுக நம்பணும்லா."

அக்கா நேரத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா பின்னால் ஒரு முறை சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் கேட்கத் தொடங்கினாள். "எந்த ஊரு? என்ன நம்பரு? என்ன விஷயம்?" மூன்றாவது கேள்வியைக் கேட்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவள் கேட்டாள். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். பிறகு, விஷயம் பெரிதாக இருந்தால் லைன் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊருக்கு மெல்லத் தெரிந்துபோனது. அதற்கப்புறம் தென்காசியில் ஆர்டினரி விஷயமே இல்லாமல் போயிற்று. ஆச்சி சாகக் கிடக்கிறாள், மகளுக்குப் பிரசவ வலி, அண்ணனுக்கு லாரியில் அடி. ஒரே மாமனார் ஒரே மாதத்தில் மூன்று தடவை செத்தார்.

"பொய் சொல்லுதாங்கக்கா" என்றேன்.

"தெரியும்."

"பொறவு?"

"எது பொய்னு தெரியலையே."

முன்பு அவள் தலையில் ஊரும் நம்பரும் மட்டும் கிடந்தன. இப்போது பிரசவமும் சாவும் சேர்ந்து கிடந்தன. எல்லாமே முதலில் போக வேண்டியவை. ஒரு லைன் காலியானால் நாலு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பாள். அதற்குள் திருநெல்வேலி ஆபரேட்டர் அந்த லைனை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார். முன்னைவிட அழைப்புகள் குறைவாகத்தான் போயின. மெலிந்துகொண்டே வந்தாள். நடந்து போகும்போது உதடு அசைவது நின்றுவிட்டது. நான் அதை நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

ஆடி மாதம் ஒரு காலைப்பொழுது. சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கள் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்னத் தகடு உண்டு. யாராவது கூப்பிட்டால் அது 'டக்' என்று கீழே விழும். நாங்கள் அதைத் தூக்கிவிட்டுப் பேசுவோம். நான் என் பக்கத்து வேலையில் மூழ்கியிருந்தேன். டக், டக் என்று அவள் பக்கம் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அவள் குரல் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் பக்கம் முழுக்கத் தகடுகள் விழுந்து கிடந்தன. வலது கையில் பிளக்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

"அக்கா. என்னக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். தொண்டை அசைந்தது. அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, அருவிக்கரை லாட்ஜ் லைன்கள் எல்லாம் அவள் பக்கத்தில்தான் இருந்தன. நான் அவள் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு கைக்கு வந்த லைனைத் திறந்தேன். அருவிக்கரை லாட்ஜ் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரமாம்மா கூப்பிடுதேன்? ஒரு ஆளு பாறையில வழுக்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியக் குடுங்க." கொடுத்தேன். கால் முறிந்ததோடு அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அந்த லைனை முதலில் திறந்தது என் கைராசி, வேறொன்றும் இல்லை. மற்ற தகடுகளும் அதே மாதிரிதான் விழுந்து கிடந்தன. எந்தத் தகட்டுக்குப் பின்னால் பாறை, எந்தத் தகட்டுக்குப் பின்னால் மல்லிகைச் செடி என்று பார்த்தால் தெரியாது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். ஓய்வு எடுக்கச் சொன்னார். மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். பேச்சு வரவில்லை.

வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். நடு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். முன்னறையிலிருந்து, "அவன்ட்ட குழாயில தண்ணி வந்துட்டுன்னு சொல்லு" என்று அப்பா சொல்வார். அவள் அசைய மாட்டாள். சொன்னது தம்பி காதிலும் விழும். ஆனால் அவனுக்குச் சொல்லப்படவில்லை, எழுந்திருக்க மாட்டான். குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோகும். அன்று வீட்டில் தண்ணீர் இருக்காது. இரண்டு ஆண்கள் ஒரு வீட்டுக்குள் இப்படி வாடிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் அப்பா ஒருமுறை, "நீயாவது அவன்ட்ட சொல்லும்மா" என்றார். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போது தம்பி ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். பால் பொங்கியது. வழிந்து தீயில் விழுந்து கருகும் வாடை முன்னறைவரைக்கும் போயிருக்க வேண்டும்.

"பால் பொங்குதுன்னு அவன்ட்ட சொல்லு" என்றார் அப்பா.

நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிடி வலித்தது.

"பால் கருகுது. சொல்லு" என்றார் அவர் மறுபடி.

கொல்லை வாசலில் தம்பி வந்து நின்றான். புகையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "என்ன சொல்லுதாருன்னு கேளு" என்றான்.

அக்கா எழுந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில், இருவரும் தன்னைப் பார்க்கும்படி நின்றாள். பிறகு பேசினாள். வீட்டுக் குரல் இல்லை அது. போர்டில் பேசும் குரல். ஏற்ற இறக்கமே கிடையாது.

"அம்மா பதினாறுக்கு மறுநாள் நீ அப்பாட்ட சொல்லச் சொன்ன, அம்மாவ நீங்கதான் கவலைப்படுத்திக் கொன்னீங்கன்னு. அந்த வாரமே அப்பா உன்ட்ட சொல்லச் சொன்னாங்க, நான் செத்தா கொள்ளி வைக்க அவன் வரக்கூடாதுன்னு. அன்னைக்கு சாயந்தரம் நீயும் சொன்ன, நான் வர மாட்டேன்னு."

"ஏட்டி, நிறுத்து" என்றார் அப்பா.

அவள் நிறுத்தவில்லை. ஒன்றுகூட விடாமல், சொன்ன வரிசையிலேயே சொன்னாள். திருடன் என்று அவர் சொன்னது. பிணம் என்று இவன் சொன்னது. நடுநடுவே வேறு விதமானவையும் வந்தன.

"அப்பா சொன்னாங்க, அவன் வழுக்குப் பாறையில நின்னு படம் எடுக்கானாம், தள்ளி நிக்கச் சொல்லு, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதன்னு. நீ சொன்ன, அவரு பேப்பர மூக்குல ஒட்டி வச்சுப் படிக்காரு, கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதன்னு. அப்பா சொன்னாங்க, அன்னைக்குப் பந்தியில அடிச்சிருக்கக் கூடாதுன்னு. சொல்லச் சொன்னாங்க, உடனே சொல்ல வேண்டாம்னாங்க. அதையும் வச்சிருந்தேன்."

தம்பி கொல்லை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி அப்படியே இருந்தார். பால் முழுக்கத் தீய்ந்து பாத்திரம் கருத்துவிட்டது. அவள் கடைசிச் செய்தியையும் சொல்லி முடித்தாள்.

"அவ்வளவுதான். இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பால் பொங்குதுன்னு அப்பா சொல்லுதாங்க" என்றாள்.

தம்பி உள்ளே போய் ஸ்டவ்வை அணைத்தான்.

அழுது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் நேராகப் பேசத் தொடங்கினார்கள், பேச்செல்லாம் சண்டை. வருஷக்கணக்கான வசவுகள் ஒரே நாளில் வந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் தீர வேண்டியிருந்தது. பாலம்வரை கேட்கும். தீபாவளிக்கு முன்னால் தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் இங்கனயே கிடந்திருப்பான்" என்று அப்பா அவளிடம் சொன்னாராம். வேலைக்குத் திரும்பிய அன்று, நடந்து வரும்போது என்னிடம் இதைச் சொன்னாள்.

போர்டில் அவள் மாறியிருந்தாள். தட்டு நிரம்பியதும், "இன்னைக்குக் கிடைக்காது. பதிய மாட்டேன். நாளைக்குக் காலையில கூப்பிடுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். என்ன விஷயம் என்று கேட்பதில்லை. யாராவது தானாகச் சொல்லத் தொடங்கினால், "விஷயம் வேண்டாம், அர்ஜென்டா ஆர்டினரியா?" என்பாள். மண்டிக்கார அண்ணாச்சி என்னிடம், "பழைய அக்கா மாத்தலாகிப் போயிட்டாவளோ?" என்று கேட்டார். குரல் அதேதான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தம்பி போய் நாலைந்து மாதம் இருக்கும். நான் கவுன்டரில் இருந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டு அவள் அப்பா உள்ளே வந்தார். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி.

"அவள்ட்ட சொன்னேன், அவன்ட்ட ஒரு வார்த்தை பேசிச் சொல்லிருன்னு. நீங்களே வந்து பதிஞ்சு பேசுங்கன்னுட்டா" என்றார். மெட்ராஸ் ஸ்டுடியோவின் நம்பரைச் சொன்னார். ஆர்டினரி.

சீட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா, அப்பா வந்திருக்காங்க."

"பாத்தேன்" என்றாள். சீட்டை வாங்கி வரிசையின் கடைசியில் வைத்தாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பீடிக்கடை முதலாளி ஒருவர், நிறைமாதப் பெண் ஒருத்தி, இன்னும் சிலர் அவருக்கு முன்னால் இருந்தார்கள். அவர் குடைக்காம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அவரை முன்னால் விடவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் முறை வந்தபோது பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா மெட்ராஸைப் பிடித்தாள். ஸ்டுடியோவில் யாரோ எடுத்து, கூப்பிட்டு, தம்பி வந்து ஹலோ சொல்லியிருக்க வேண்டும். "தென்காசியில இருந்து அழைப்பு. பேசுங்க" என்றாள், எல்லோரிடமும் சொல்வது போல. பிறகு தான் கேட்பதற்கான சாவியை மூடினாள். அதை மூடிவிட்டால் ஆபரேட்டருக்கு ஒரு சத்தமும் வராது.

பூத்துக்குள் அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் உதடு அசையவில்லை. அப்புறம் அசைந்தது. கதவுக் கண்ணாடி அவர் மூச்சில் மங்கிக்கொண்டே வந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று.

மூன்று நிமிஷம் முடிந்ததும் நீட்டிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சாவியைத் திறந்து ஒரு கேள்வி கேட்டு உடனே மூடினாள். இன்னொரு மூன்று நிமிஷத்துக்குச் சீட்டில் குறித்தாள்.

அவர் வெளியே வந்தபோது நேராக அவள் போர்டுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். குனிந்து, தணிந்த குரலில், "அவன் என்ன சொன்னாம்னா..." என்று தொடங்கினார்.

அக்கா ஹெட்செட்டின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள். "அடுத்த ஆள் நிக்காங்க."

அவர் பின்னால் நின்றவருக்கு வழி விட்டார். படியிறங்கும்போது குடையை விரிக்க மறந்துவிட்டார். தூறலில் நனைந்துகொண்டு, தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே பாலத்துப் பக்கம் நடந்தார். அக்கா விழுந்திருந்த ஒரு தகட்டைத் தூக்கிவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டாள்.